முதல் காற்றின் நாலு நாள்

வருடங்களை எண்ணால் சொல்ல எனக்கு வராது. நடந்ததைக் கொண்டுதான் சொல்லுவேன். மதுரை ரயில் மறுபடி தேனிக்கு வந்தது. அதற்கு மறுவருடம் கம்பம் ஊருக்குள் யானை புகுந்தது. அதற்கு மறுவருடம் எங்கள் ஓடைப்பட்டி மேற்குக் காட்டில் காற்றாலையின் இறக்கை முறிந்து விழுந்தது. அதற்கும் மறுவருடமாகிய இந்த வருடம், திராட்சைக்குக் கவாத்து முடித்து மருந்தடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், லூர்தம்மா இறந்துபோன சேதி வந்தது.

போனில் சொன்னவர் தவமணி சார். லூர்தம்மாவிடம் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்தவர். இரண்டு வருடமாக அவர் என்னோடு பேசியதில்லை.

"பெரியவரே, தவமணி பேசுறேன். அல்லிநகரம் தவமணி."

"சொல்லுங்க சார்."

"மேடம் போயிட்டாக. விடியக்காலம். சாயங்காலம் மூணு மணிக்கு ராயப்பன்பட்டி கோயில்ல பூசை முடிச்சு அடக்கம்."

மருந்துத் தெளிப்பானைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்: "உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு. உங்க மேல மேடத்துக்கு அம்புட்டுப் பிரியம்."

உங்களில் பலருக்கு அவர் பேராசிரியர் லூர்து மேரி. எனக்கு லூர்தம்மா. அவர் நினைவாகக் கல்லூரியில் போடும் மலருக்கு நானும் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கம்பத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் செல்வராணி எழுதுகிறாள், நான் சொல்கிறேன். நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றார்கள். அவரைப் பற்றிச் சொல்ல நல்லது நிறைய இருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்லக் கெட்டது ஒன்று இருக்கிறது. இரண்டையும் வெட்டாமல் சேர்த்தே போடுங்கள்.

ரயில் வந்த வருடத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். நான் அந்தப் பழைய காற்றாலைக்குக் காவலாள். மேற்கிலிருந்து வரும் முதல் மேல்காற்று அடித்த நாளில் ஒரு இறக்கை அடியில் விரிசல் விட்டிருந்தது. ஏன் என்று பார்ப்பதற்காக மார்கழியில் அவர் வந்தார். காற்றாலையின் நிழலில் மண்ணிலேயே உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "பெரியப்பா, அது என்னைக்கு விரிசல் விட்டுச்சு?" என்று கேட்டார். கிழமை, அப்போது போன பஸ், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, இறக்கையின் சத்தம் எப்போது மாறியது, விரிசலுக்குப் பசை பூச வந்த மெக்கானிக் எந்த நிறச் சட்டை போட்டிருந்தான் என்பது வரைக்கும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"எங்கிட்டாச்சும் எழுதி வச்சிருக்கீகளா?"

"எழுதத் தெரிஞ்சா நான் ஏன் ஆத்தா காவலுக்கு வாரேன்?"

அவர் சிரித்த சிரிப்பில் லேப்டாப் மடியிலிருந்து நழுவியது.

அன்று அவர் செய்யும் வேலையை எனக்குக் காட்டினார். இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகம் லேப்டாப்பில் இருந்தது. தலை பருத்து, வால் மெலிந்து, நறுக்கிய மீன் போல. அதைச் சுற்றி ஆகாயம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். "நம்ம வயல்ல மடை வழியா தண்ணி ஒரு பாத்தியில இருந்து அடுத்த பாத்திக்குப் போகுதுல்ல பெரியப்பா, அதே மாதிரி ஒவ்வொரு கட்டத்துக்கும் எம்புட்டுக் காத்து வருது, எம்புட்டு வெளியே போகுதுன்னு இது கணக்குப் போடும். காத்து இந்த முதுக ஒட்டிக்கிட்டே வழுக்கிப் போகணும். ஒட்டாமப் பிஞ்சு சுழண்டா எறக்க நடுங்கும். நடுங்க நடுங்க அடியில விரிசல்" என்றார்.

"சரி ஆத்தா. மொத மடைக்குத் தண்ணி எந்தப் பக்கமா வருதுன்னு அதுக்கு ஆரு சொல்றது?" என்று கேட்டேன்.

அவர் பக்கத்தில் நின்ற தவமணி சாரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா தவமணி? ஆறு மாசமா நாம முட்டிக்கிட்டு நிக்கிற எடம். பெரியப்பா ஒரு நிமிசத்துல வந்துட்டாக." பிறகு என்னிடம், "கம்ப்யூட்டர் காத்தப் பாத்ததே இல்ல. பாத்தவுக சொன்னாத்தான் அதுக்குத் தெரியும்" என்றார். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

காற்றாலையின் உச்சியில் ஒரு மீட்டர் உண்டு. அது காற்றின் வேகத்தைச் சொல்லும், கிழக்கா மேற்கா என்று சொல்லும். மேலிருந்து சரிந்து இறங்குகிறதா, தரையிலிருந்து ஏறி வருகிறதா என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள லூர்தம்மா இரண்டு தென்னை உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நடச் சொன்னார். திராட்சைப் பந்தல் போடும் செல்லையாதான் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினான். அதில் மூன்று ரிப்பன்: உச்சியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே வெள்ளை. காலையில் பத்து மணி பஸ் போகும்போது ஒரு தடவை, பகல் பஸ்ஸுக்கு ஒரு தடவை, சாயங்கால பஸ்ஸுக்கு ஒரு தடவை நான் அண்ணாந்து பார்க்க வேண்டும். ரிப்பன் நேராக நிற்கிறதா, வால் தூக்குகிறதா, வால் இறங்குகிறதா என்று மனதில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை அவர் வரும்போது ஏழு நாளையும் ஒப்பிக்க வேண்டும். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார்.

தவமணி சாருக்கு இது பிடிக்கவில்லை. "போன்ல போட்டோ எடுத்தா என்ன பெரியவரே? ஒரு அமுக்கு அமுக்குனா முடிஞ்சுபோச்சு. உங்க தலைக்குள்ள இருக்கறத ஆரு சரிபாக்குறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அன்று எனக்கு அது அவமானமாகப் பட்டது. லூர்தம்மாவிடம் போய், "என் பேச்சுல நம்பிக்க இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கங்க ஆத்தா" என்று முறுக்கிக்கொண்டேன். அவர் தவமணி சாரைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, "போட்டோ வேண்டாம். பெரியப்பா தலைதான் நம்ம நோட்டு" என்று சொல்லிவிட்டார். தவமணி சார் தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு அது இனித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூர்தம்மா தனியாகத் தேனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். என்னமோ ஏதோ என்று பயந்துபோனேன். "ஒண்ணுமில்ல பெரியப்பா. போன வாரம் நீங்க மஞ்சள்னு சொன்னத நான் வெள்ளைன்னு எழுதிட்டேன். என் தப்பு. அத நேர்ல சொல்லிட்டுத் திருத்திக்கிறலாம்னு வந்தேன்" என்றார். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்டேன். "சொல்லலாம். நேர்ல வந்தா இன்னொரு தடவ தப்பு பண்ண மாட்டேன்ல" என்று சிரித்தார். என் தூக்குப்போணியிலிருந்து மொச்சைக் குழம்புச் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் நான் அதைச் செய்தேன்.

யானை வந்த வருடம். மேல்காற்று தொடங்க வேண்டிய நேரம். லூர்தம்மாவுக்குக் கல்லூரியில் பரீட்சை வேலை, நகர முடியாது. போனில் சொன்னார்: "பெரியப்பா, முதல் காத்து நாலு நாள்தான் முக்கியம். எறக்க விரிசல் விட்டது அப்பத்தான். மலையில இருந்து காத்து சரிஞ்சு எறங்கி எறக்கையில மோதுதுன்னு தவமணி கணக்குல வருது. அது நெசம்னா செவப்பு ரிப்பன் வால எறக்கும். அந்த நாலு நாள் மட்டும் குழாய விட்டு நகந்துராதீக." சரி என்றேன்.

சனிக்கிழமை காலையில் செல்வராணி போன் செய்தாள். "அப்பா, யான எங்க தெருவுக்குப் பின்னாடி நிக்கிதாம்!" நானும் செல்லையாவும் அவன் மொபெட்டில் கிளம்பினோம். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பகல் பஸ்ஸுக்குள் திரும்பிவிடலாம் என்று எண்ணம். கம்பத்தில் போலீஸ் எல்லாரையும் வீட்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தது. மகள் வீட்டில் அடைந்துகொண்டோம்.

முதல் நாள் வெளியே வர வழியில்லை என்பது உண்மை. அடுத்த நாள் வழி இருந்தது. செல்லையா கேட்டான்: "மாமா, போவமா? ரிப்பன் பாக்கணும்னியே." நான்தான், "இருடா, ரிப்பன் எங்கன ஓடிறப் போகுது" என்றேன். மொட்டைமாடியில் தெருவே கூடியிருந்தது. ஆளாளுக்கு யானைக் கதை. நானும் அந்தக் காலத்து மேகமலை யானைகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன், பத்துப் பேர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது கொடியில் காய்ந்த செல்வராணியின் சேலை படபடவென்று அடித்துக்கொண்டு பக்கத்து மாடிக்குப் பறந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், நேற்று லேசாகத் தொடங்கிய முதல் காற்று முழுசாக வந்துவிட்டது. அந்த நிமிடம் எழுந்திருந்தால்கூட மூன்று நாள் மிச்சம் இருந்தது. எழுந்திருக்கவில்லை. யானையையும் நான் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது செல்வராணி பேனாவை நிறுத்திவிட்டாள். "அந்த நாலு நாளும் எங்க வீட்டுலதான இருந்தீக? அந்தம்மாகிட்ட என்ன சொன்னீக?" என்று கேட்டாள். எழுது ஆத்தா, சொல்கிறேன் என்றேன்.

புதன்கிழமை நாங்கள் திரும்பியபோது காற்று சீராகிவிட்டிருந்தது. மஞ்சளும் வெள்ளையும் நேராகப் பறந்தன. சிவப்பு ரிப்பன் மட்டும் இழுத்துக் கட்டிய கம்பியில் கீழ்நோக்கிச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அது அப்படியே கிடந்தால் நாலு நாளாக அங்கே ஆள் இல்லை என்று தெரிந்துபோகும். செல்லையாவை விட்டு அவிழ்த்து உச்சிக்கு ஏற்றினேன். மேலிருந்து காற்று அடித்திருந்தால்தான் அது கம்பியில் அப்படிச் சுற்றும் என்று அவிழ்க்கும்போதே என் புத்திக்குப் பட்டது. பட்டதைத் தள்ளிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை லூர்தம்மாவும் தவமணி சாரும் வந்தார்கள். லூர்தம்மா நோட்டைத் திறந்தார். நாலு நாள் பார்க்கவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் கோபித்துக்கொள்வார், அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம் என்பார். அந்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். தவமணி சார் முந்திக்கொண்டார்.

"என்ன பெரியவரே, ஊரே யான பாக்கப் போயிருக்கு. நீங்க போகலையா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "என்னயப் பாத்தா வேல வெட்டி இல்லாதவன் மாதிரியா இருக்கு?" என்று எகிறினேன். அதற்குப் பிறகு பின்வாங்க முடியவில்லை. நாலு நாளையும் ஒப்பித்தேன். சனிக்கிழமை மூன்று வேளையும் நேர். ஞாயிறு காலை நேர், பகலில் சற்று அலை, சாயங்காலம் நேர். திங்கள்கிழமை பகலில் ஒரு பருந்து குழாய் உச்சியில் உட்காரப் பார்த்து, சிவப்பு ரிப்பன் முகத்தில் அடித்துப் பறந்துபோனது, செவ்வாயும் நேர்தான் என்றேன். அந்தப் பருந்தை நான் ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. லூர்தம்மா பருந்தையும் எழுதிக்கொண்டார்.

தவமணி சார் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். "மேடம், செவப்பு எறங்கணும். எறங்கியே ஆகணும். கணக்குல அப்பிடித்தான் வருது."

"கணக்கு காத்தப் பாத்ததில்ல தவமணி. பெரியப்பா பாத்திருக்காக."

"ஒரு தடவகூடவா எறங்கல பெரியவரே? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"பருந்து வந்ததே ஞாபகம் இருக்கு. ரிப்பன் எறங்குனது மறந்துருமா?" என்றேன்.

லூர்தம்மா நோட்டை மூடினார். "கணக்குல எங்கயோ தப்பு இருக்கு. தேடுங்க" என்றார். அதில் கடுமை இல்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

தவமணி சார் தேடினார். கட்டங்களை இன்னும் பொடியாக வெட்டிப் பார்த்தார். மலையை மறுபடி அளந்து போட்டார். கார்த்திகையில் ஒரு நாள் வந்து குழாயின் அடியில் அரை நாள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "பெரியவரே, எங்க கோட்ட விட்டேன்னே தெரியல" என்றார். இல்லாத தப்பை எட்டு மாதம் தேடினார். பிறகு, கணக்கில் தனக்கு இனி நம்பிக்கை இல்லை என்று சொல்லி வேலையை விட்டுவிட்டுப் போனார். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் போனதோடு ரிப்பன் பார்ப்பதும் நின்றது. யானை வந்ததற்கு மறுவருடம் முதல் காற்றில் இறக்கை முறிந்தது. பகல் சாப்பாட்டு நேரம், அதனால் கீழே ஆள் இல்லை. திராட்சைப் பந்தல் ஒரு பக்கம் அப்படியே படுத்துவிட்டது. லூர்தம்மா மறுநாள் வந்தார். விழுந்து கிடந்த இறக்கையின் கிழிந்த வாயில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். காற்றாலை முதலாளியின் ஆட்கள், உள்ளே பூசிய பசை பழசாகிவிட்டது, வேறொன்றும் இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பெரியப்பா, போன வருசம் முதல் காத்துல ரிப்பன் நேராத்தான நின்னுச்சு?"

செல்லையா எனக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னால், முறிந்ததும் என்னால், தவமணி சார் போனதும் என்னால் என்றாகிவிடும். முதலில் ஒரு பொய்தான் இருந்தது, இப்போது அதற்குக் கீழே இத்தனை பேர் நின்றார்கள்.

"ஆமா ஆத்தா. நேராத்தான் நின்னுச்சு."

"அப்ப பசையாத்தான் இருக்கும்" என்றார். அப்படியே அறிக்கையில் எழுதினார்கள். செல்லையா என்னை ஏற்றிக்கொள்ளாமல் மொபெட்டில் தனியாகப் போய்விட்டான். போன தையில் நெஞ்சு வலி வந்து இறக்கும்வரை அந்தக் காற்றாலைப் பக்கம் அவன் வரவேயில்லை.

லூர்தம்மாவுக்கு நோய் என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து இந்த ஆடியில் அவரே போன் செய்தார். குரல் மெலிந்திருந்தது. நலம் விசாரித்துவிட்டு, "பெரியப்பா, அந்த நாலு நாள இன்னொரு தடவ சொல்லுங்களேன். படுத்துக்கிட்டே அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். எங்கயோ ஒண்ணு ஒட்டல" என்றார்.

அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லத் தொடங்கினேன். சனிக்கிழமை மூன்று வேளையும் நேர். ஞாயிறு பகலில் சற்று அலை. திங்கள் பகலில் பருந்து. பொய்யும் என் தலையில் உண்மையைப் போலவே பத்திரமாக இருந்தது. போனின் மறுபக்கம் நோட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. படுக்கையிலும் அதை வைத்திருந்தார்.

முடித்ததும், "ஒரு சொல் மாறல பெரியப்பா" என்றார். அவ்வளவு சந்தோசம் அந்தக் குரலில். "உங்கள மாதிரி ஒரு ஆள் கெடச்சது என் பாக்கியம்."

அடக்கத்தன்று கோயிலுக்குள் போகத் துணியாமல் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். தவமணி சார் என்னைத் தேடிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தலை பாதி நரைத்துவிட்டது. நாற்பத்தைந்து வயதுகூட இராது.

"சாப்பிட்டீகளா பெரியவரே?"

"ஆச்சு சார்."

"கடைசி வரைக்கும் மேடம் அதையேதான் நோண்டிக்கிட்டிருந்தாகளாம். நான் தப்புத் தப்பாக் கணக்குப் போட்டுக் குடுத்து அவுக ரெண்டு வருசத்த வீணாக்கிட்டேன். நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். முடியாமப் போச்சு."

அவர் அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

போன வாரம் குமுளி பஸ்ஸில் ஏறினேன். கூடலூரில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். நேரில் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. அதனால் அச்சில் சொல்கிறேன், எல்லாரும் படிக்கும்படி. அந்த நாலு நாளும் நான் குழாயின் அடியில் இல்லை. ரிப்பன் நேராக நின்றதை நான் பார்க்கவில்லை. சிவப்பு ரிப்பன் கம்பியில் கீழ்நோக்கிச் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தேன். பருந்து வரவில்லை. லூர்தம்மாவின் நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, பழைய கணக்கை எடுத்துப் பாருங்கள். எங்கள் காட்டில் இன்னும் மூன்று காற்றாலை அதே திசையைப் பார்த்து நிற்கின்றன. அவற்றின் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

லூர்தம்மாவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது "ஒரு சொல் மாறல பெரியப்பா" என்ற குரல் ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. தூக்கிப்போடவும் என் தலைக்குத் தெரியவில்லை.

அந்தக் குழாயின் அடியில் நின்றவர்கள் நாலு பேர். நட்ட செல்லையா போய்விட்டான். எழுதிக்கொண்ட லூர்தம்மா போய்விட்டார். பொய் சொன்ன என்னை உயிரோடு இருப்பவர்களில் சேர்க்க வேண்டாம். கணக்கைச் சரியாகப் போட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் தவமணி.